எட்டிப் பார்க்காமலே பிழை பிடிக்கும் விந்தை!

1947-ம் ஆண்டு. அமெரிக்காவில் உள்ள பெல் டெலிபோன் ஆராய்ச்சிக்கூடம். திங்கட்கிழமை காலை. ரிச்சர்டு ஹாமிங் என்ற கணித அறிஞர் ஆவலோடு உள்ளே நுழைந்தார். அவருக்கு வயது 32.

அங்கே கணக்குப் போடும் எந்திரம் ஒன்று இருந்தது. டெலிபோன் நிலையத்தில் "டக், டக்" என்று அடித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி சுவிட்சுகளால் ஆனது. வார நாட்களில் அது மற்றவர்களுக்கு. ஹாமிங்குக்குச் சனி, ஞாயிறு மட்டும்தான். எந்திரத்திடம் கணக்கைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார். திங்கட்கிழமை வந்து விடையை எடுத்துக்கொள்வார்.

அன்று விடை இல்லை!

கணக்கின் நடுவில் எங்கோ ஒரு பிழை. எந்திரம் அதைக் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் திருத்தத் தெரியவில்லை. ஆகவே அந்தக் கணக்கை அப்படியே போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குத் தாவிவிட்டது. அடுத்த வாரமும் இதே கதை.

ஹாமிங்குக்குக் கோபம் வந்தது. பிழை இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த எந்திரத்துக்கு, அது எங்கே இருக்கிறது என்று காட்டித் திருத்த மட்டும் ஏன் தெரியக்கூடாது என்று எண்ணினார்.

அந்தக் கோபம் நல்ல வேலை செய்தது. 1950-ல் அவர் ஒரு வழியை வெளியிட்டார். கம்ப்யூட்டருக்குத் தெரிந்த எழுத்து இரண்டே இரண்டு. ஒன்று 0. மற்றொன்று 1. நான்கு எழுத்துகளுக்குக் காவலாக மூன்று எழுத்துகளைச் சேர்த்தார் ஹாமிங். இந்த ஏழில் எந்த ஒன்று புரண்டாலும், மூன்று காவலர்களும் சேர்ந்து "இதோ, இவன்தான்!" என்று காட்டிக்கொடுத்துவிடுவார்கள். புரண்டதை மறுபடி புரட்டினால் கணக்கு சரி.

தொட்டால் கெடும்!

இப்போது விஞ்ஞானிகள் வேறு ஒரு கம்ப்யூட்டரைச் செய்து வருகிறார்கள். அதன் பெயர் குவாண்டம் கம்ப்யூட்டர். இதில் உள்ள எழுத்துக்குக் "கியூபிட்" என்று பெயர். அது 0 ஆகவும் இருக்கலாம், 1 ஆகவும் இருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம். அந்தக் கலவைதான் அதன் பலம்.

அதன் பலவீனமும் அதுதான். துளி வெப்பம் பட்டால் போதும், கலவை கெட்டுவிடும். ஆகவே சில வகை எந்திரங்களைப் பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 273 டிகிரி குளிரில் வைத்திருக்கிறார்கள். அப்படியும் பிழை வருகிறது. நூற்றுக்கு ஒன்று, ஆயிரத்துக்கு ஒன்று என்று வருகிறது. கோடிக்கணக்கான படிகள் உள்ள கணக்கை இப்படிப்பட்ட எந்திரத்திடம் எப்படிக் கொடுப்பது?

ஹாமிங் வழியில் திருத்தலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். கியூபிட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால், அந்தப் பார்வையிலேயே கலவை கலைந்து வெறும் 0 அல்லது 1 ஆகிவிடும். சரி, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. இன்னதென்று தெரியாத குவாண்டம் நிலைக்கு நகல் எடுக்க இயற்கையே இடம் தராது என்று 1982-ல் நிரூபித்துவிட்டார்கள்.

பரீட்சைத் தாளைப் பிரிக்காமலே வாத்தியார் பிழை திருத்த வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது நிலைமை!

தராசு சொன்ன சேதி

1994-ல் பீட்டர் ஷோர் என்ற கணித அறிஞர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். குவாண்டம் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடினால், பாங்குப் பணத்தையும் ரகசியச் செய்திகளையும் காக்கும் கணக்குப் பூட்டுகளை அது உடைத்துவிடும் என்று காட்டினார். ஆனால் ஒழுங்காக ஓட வேண்டுமே! மறு ஆண்டே அதற்கும் அவரே வழி சொன்னார். அவர் வேலை பார்த்த இடம் எது தெரியுமா? ஹாமிங் கோபப்பட்ட அதே பெல் ஆராய்ச்சிக்கூடம்தான்.

அந்த வழி என்ன? ஒரு தராசை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிய பொட்டலங்கள் மூன்று. பிரிக்கக் கூடாது. மூன்றும் ஒரே எடை இருக்க வேண்டும். ஆனால் ஒன்று கெட்டிருக்கலாம்.

முதல் பொட்டலத்தை ஒரு தட்டிலும், இரண்டாவதை மறு தட்டிலும் வையுங்கள். பிறகு இரண்டாவதையும் மூன்றாவதையும் வையுங்கள். முதல் தடவை தட்டு சாய்ந்து, அடுத்த தடவை நேராக நின்றால் கெட்டது முதல் பொட்டலம். இரண்டு தடவையும் சாய்ந்தால் கெட்டது நடுப் பொட்டலம். எடைக்கல்லே போடவில்லை. எடை எவ்வளவு என்றும் தெரியாது. ஆனால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்!

ஷோர் செய்ததும் இதுதான். "நீ 0-வா, 1-ஆ?" என்று கியூபிட்டைக் கேட்கவில்லை. "நீங்கள் இருவரும் ஒன்றா, வேறா?" என்று மட்டும் கேட்டார். ரகசியம் கலையவில்லை. பிழை மட்டும் வெளியே வந்தது.

கியூபிட் இரண்டு விதமாகக் கெடும். 0, 1 ஆகப் புரள்வது ஒரு விதம். கலவைக்குள் கூட்டல் குறி கழித்தல் குறி ஆகிவிடுவது இன்னொரு விதம். ஒன்றுக்கு மூன்று, மற்றதற்கு மூன்று; மூன்று மூன்று ஒன்பது. ஒரே கியூபிட்டின் ரகசியத்தை ஒன்பதில் பின்னி வைத்தார் ஷோர். இது நகல் அல்ல. ஒன்பதில் ஒன்றைத் தனியே பிரித்துப் பார்த்தால் அதில் ரகசியம் துளியும் இராது.

1996-ல் ஆண்ட்ரூ ஸ்டீன் என்ற ஆங்கில விஞ்ஞானி, ஒன்பது வேண்டாம், ஏழே போதும் என்றார். எந்த ஏழு? ஹாமிங் போட்ட பழைய ஏழேதான்!

காவலனே தூங்கினால்?

எல்லோரும் நம்பிவிடவில்லை. பிரெஞ்சு விஞ்ஞானி செர்ஜ் அரோஷ், 1996-ல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து சந்தேகத்தை எழுதினார். அவர் லேசான ஆள் அல்ல. 2012-ல் நோபல் பரிசு பெற்றவர். சந்தேகமும் நியாயமானதுதான். காவலுக்கு வைக்கும் கியூபிட்டும் கியூபிட்தானே? அதுவும் கெடுமே! காவலர்களைக் கூட்டக் கூட்டப் பிழையும் கூடினால் என்ன லாபம்?

ஒவ்வொரு கியூபிட்டின் பிழையும் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டால், காவலைக் கூட்டக் கூட்டப் பிழை குறையும் என்று கணித அறிஞர்கள் நிரூபித்தார்கள். ஏட்டில் சரி. எந்திரத்தில்? ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆயிற்று.

2024 டிசம்பரில் கூகுள் கம்பெனி விஞ்ஞானிகள், "வில்லோ" என்ற சில்லில் அதைச் செய்து காட்டினார்கள். முதலில் மூன்றுக்கு மூன்று கட்டம். பிறகு ஐந்துக்கு ஐந்து. பிறகு ஏழுக்கு ஏழு. கட்டம் பெருகப் பெருக ஒவ்வொரு தடவையும் பிழை பாதிக்கும் கீழே போயிற்று! பெரிய கட்டத்தில் ரகசியத்தைச் சுமந்தவை 49 கியூபிட்டுகள். அவற்றைச் சரிபார்க்க மட்டும் 48. விநாடிக்குச் சுமார் 9 லட்சம் தடவை சோதனை நடந்தது. உள்ளே இருந்த கியூபிட்டுகளில் சிறந்தது எவ்வளவு நேரம் தாங்குமோ, அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ரகசியம் உயிரோடு இருந்தது.

பாங்குப் பணத்துக்கு இப்போதே ஆபத்து என்று பயப்பட வேண்டாம். ஒரு பெரிய பூட்டை உடைக்க 2 கோடி கியூபிட் வேண்டும் என்று 2019-ல் கணக்கிட்டார்கள். 2025-ல் அது 10 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. வில்லோவில் இருப்பதோ 105.

இன்னொரு வேடிக்கை. அதே ஆராய்ச்சியில் சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பல கியூபிட்டுகள் சேர்ந்தாற்போல் ஒரே சமயத்தில் கெட்டுப்போயின. என்ன காரணம் என்று அப்போது புரியவில்லை. தராசை வைத்துக்கொண்டு தேடினார்கள்.