கோழிக்கு ஒரு மாதம் போதும்

கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க நாம் தண்ணீர் தெளிக்கிறோம். அயர்லாந்தின் வடபகுதியில் ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பார்ப்பார்கள். மாவு மெல்லச் சிவந்தால் கல் பதமாக இருக்கிறது. தூவியதுமே கருகினால் கொஞ்சம் ஆறவிட வேண்டும். கிரிடில் என்று அவர்கள் சொல்வது கிட்டத்தட்ட நம் தோசைக்கல்லேதான். கனத்த தட்டை இரும்பு. அடுப்புக்கு மேல் தொங்கவிட வளையம் போல ஒரு கைப்பிடி, அதுதான் வித்தியாசம். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகள் கீழே கனன்றுகொண்டிருக்க, மோரும் ஆப்ப சோடாவும் சேர்த்துப் பிசைந்த ரொட்டி மேலே வேகும். வட்டமாகத் தட்டி, குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய நான்கில் ஒன்றுக்கு ஃபார்ல் என்று பெயர். கால் பங்கு என்பதுதான் அந்தச் சொல்லின் மூல அர்த்தம்.

இன்று கடையில் கிரிடில் பேன் என்று கேட்டால் வரிவரியாக மேடு வைத்த இரும்புச் சட்டியைத் தருவார்கள். அதில் கோழி சுடுவது வேலைக்குப் போய் வந்து அலுத்தவர்களின் சமையல். எலும்பில்லாத நெஞ்சுக்கறி ஒரு பக்கம் தடித்து, மறுமுனை மெலிந்திருக்கும். அப்படியே போட்டால் மெலிந்த முனை நாராகிவிடும், தடித்த பக்கம் பச்சையாக நிற்கும். ஆகவே இரண்டு வெண்ணெய்த் தாள்களுக்கு நடுவே வைத்து, பூரிக்கட்டையால் ஒரே கனமாகத் தட்ட வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தால் சரி. எண்ணெயைச் சட்டியில் ஊற்றாதீர்கள், கறியில் தடவுங்கள். சட்டியில் ஊற்றினால் பள்ளங்களில் தேங்கிப் புகையும். உப்பு, மிளகுத்தூள். சட்டி நன்றாகக் காய்ந்ததும் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லோரும் தோற்கிறோம். கரண்டி கையில் இருந்தால் புரட்டாமல் இருக்க முடிவதில்லை. மூன்று, நான்கு நிமிடத்தில் கறி தானாகச் சட்டியை விட்டுக் கழலும். ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் ஆகவில்லை என்று பொருள். மறுபக்கமும் அதே நேரம். உள்ளே 75 டிகிரி சூடு ஏறினால் வெந்துவிட்டது. இறக்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டு, எலுமிச்சைச் சாறு பிழிந்து, மேலே ஒரு துண்டு வெண்ணெய்.

இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது? சமைப்பவர் ஐரிஷ்காரராக இருந்தால் நிறைய இருக்கிறது. தொலைக்காட்சியில் அவரை அறிமுகப்படுத்துகிறவர் வாய்தவறி 'பிரிட்டிஷ் சமையற்கலைஞர்' என்று சொல்லிவிட்டால் போதும், பார்ப்பவர்களில் பாதிப் பேர் கோழியை மறந்துவிடுவார்கள். அவர் ஐரிஷ் என்பார் ஒருவர். வடக்கே பிறந்தவர், அதனால் பிரிட்டிஷ்தான் என்பார் இன்னொருவர். எல்லாமே பிரிட்டிஷ் தீவுகள்தானே என்று மூன்றாமவர் சமாதானம் சொல்ல வருவார். அடி முழுக்க அவருக்குத்தான். அயர்லாந்து அரசே அந்தப் பெயரைப் பயன்படுத்துவதில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் வெட்டி வம்பாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்காரும் வரை. 1921இல் தீவு இரண்டானது. அல்ஸ்டர் என்ற பழைய மாகாணத்தின் ஒன்பது கவுன்ட்டிகளில் ஆறு மட்டும் வட அயர்லாந்து என்ற பெயரில் லண்டனோடு நின்றன. மீதி மூன்று டப்ளின் பக்கம் போயின. அவற்றில் ஒன்றான டோனிகால்தான் தீவின் வடகோடி. ஆகவே பேச்சுவழக்கில் 'தெற்கு' என்பது வடக்கைவிட வடக்கே இருக்கிறது. ஊர்ப் பெயரே வாய் திறந்தவரைக் காட்டிக்கொடுக்கும். டெர்ரி என்றால் ஒரு கட்சி, லண்டன்டெர்ரி என்றால் எதிர்க்கட்சி. இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதும் வழக்கத்தைக் கிண்டலடித்து, ஜெர்ரி ஆண்டர்சன் என்ற வானொலி அறிவிப்பாளர் அந்த ஊருக்கு 'சாய்கோட்டு நகரம்' என்றே பெயர் வைத்தார்.

1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான பெரிய வெள்ளி ஒப்பந்தம் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி சொன்னது. வட அயர்லாந்தில் பிறந்தவர் தன்னை ஐரிஷ் என்று சொல்லிக்கொள்ளலாம், பிரிட்டிஷ் என்றும் சொல்லிக்கொள்ளலாம், இரண்டும் என்றும் சொல்லலாம். அது பிறப்புரிமை. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே நூற்றுக்கு 31.9 பேர் 'பிரிட்டிஷ் மட்டும்' என்றார்கள், 29.1 பேர் 'ஐரிஷ் மட்டும்' என்றார்கள், 19.8 பேர் 'வட ஐரிஷ் மட்டும்' என்றார்கள். யாருக்கும் பாதி கூடத் தேறவில்லை.

சொல்லிக்கொள்வது ஒன்று, சட்டம் எழுதி வைத்திருப்பது வேறு. வடக்கில் பிறந்த எம்மா டிசூசா ஐரிஷ் பாஸ்போர்ட் மட்டும் வைத்திருந்தவர். தன் அமெரிக்கக் கணவர் தன்னோடு தங்குவதற்கு 2015இல் ஐரிஷ் குடிமகள் என்ற முறையில் விண்ணப்பித்தார். பிரிட்டன் உள்துறை மறுத்தது: சட்டப்படி நீங்கள் பிறவியிலேயே பிரிட்டிஷ், வேண்டாமென்றால் அந்தக் குடியுரிமையைத் துறந்துவிட்டு வாருங்கள். என்னிடம் இல்லவே இல்லாத ஒன்றை எப்படித் துறப்பது என்று அவர் வழக்காடினார். 2017இல் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. 2019இல் மேல் தீர்ப்பாயம் அரசின் பக்கம் சாய்ந்தது. 2020இல் அரசு குடிவரவு விதியை மாற்றியது. கணவரோடு ஒரே வீட்டில் இருப்பதற்கு ஐந்து வருடம். வெட்டி வம்பு என்ற என் எண்ணம் இந்த வழக்கோடு போயிற்று.

பெயர் பெற்றவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். கிளேர் ஸ்மித் ஆன்ட்ரிம் கவுன்ட்டியின் பண்ணை வீட்டில் வளர்ந்தவர். 2021இல் லண்டனில் அவருடைய உணவகத்துக்கு மூன்று மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. அவர் எந்த நாட்டுப் பெண் என்பது செய்தி எந்த ஊரில் அச்சாகிறது என்பதைப் பொறுத்தது. கோல்ஃப் வீரர் ரோரி மெக்கில்ராய், யாருக்காக ஆடுவது என்று ஒலிம்பிக் தன்னைத் தேர்ந்தெடுக்க வைத்ததே என்று வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். கவிஞர் ஷேமஸ் ஹீனி, 1982இல் வந்த பிரிட்டிஷ் கவிதைத் தொகுப்பு ஒன்றில் தன்னைச் சேர்த்ததற்கு மறுவருடமே செய்யுளில் மறுப்பு எழுதினார். தன் பாஸ்போர்ட்டின் நிறத்தையும் அதில் சாட்சிக்கு இழுத்தார். அப்போது ஐரிஷ் பாஸ்போர்ட் பச்சை, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் நீலம். பத்து வருடம் ஆவதற்குள் ஐரோப்பியக் கூட்டில் இரண்டுமே ஒரே அரக்குச் சிவப்பாயின. பிரெக்ஸிட் வந்ததும் பிரிட்டன் மறுபடி நீலத்துக்குப் போய்விட்டது. ஐரிஷ் பாஸ்போர்ட் சிவப்பிலேயே நிற்கிறது.

மனிதர்கள் பாடு இப்படியிருக்க, சட்டியில் கிடக்கும் கோழிக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. அதற்கும் நாடு உண்டு, ஆவணமும் உண்டு. 2015 ஏப்ரல் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பச்சைக் கோழிக்கறிப் பொட்டலத்தில் இரண்டு தகவல் அச்சிட்டாக வேண்டும்: வளர்ந்த நாடு, வெட்டிய நாடு. ஒரு மாதத்துக்கு மேல் வயதான கோழி என்றால், கடைசியாகக் குறைந்தது ஒரு மாதம் எங்கே வளர்ந்ததோ அதுதான் வளர்ந்த நாடு. முட்டை எந்த ஊரில் பொரிந்தது என்று எழுத வேண்டியதில்லை. டப்ளின் ஆட்சிப் பக்கத்தில் கோழி வளர்ப்புக்குப் பெயர் போனவை மோனகன், காவன் கவுன்ட்டிகள். இரண்டுமே பிரிவினையில் தெற்கே போன அல்ஸ்டர் கவுன்ட்டிகள், எல்லையை ஒட்டிக் கிடப்பவை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணை, இந்தப் பக்கம் ஒரு பண்ணை. ஒரே மழை, ஒரே சேறு, இரண்டு லேபிள்.

பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பிரபு டப்ளினில் பிறந்தவர். அவரையும் ஐரிஷ் கணக்கில் சேர்க்கிறார்களே என்று ஐரிஷ் தலைவர் டேனியல் ஓ'கானல் 1843இல் கேலி செய்தார்: லாயத்தில் பிறந்ததால் ஒருவன் குதிரையாகிவிடுவானா என்பது அந்தக் கேலியின் சாரம். வெலிங்டனே சொன்னதாக இன்றும் பலர் எழுதுகிறார்கள், அது தவறு. எப்படியானாலும் கோழிச் சட்டம் ஓ'கானல் கட்சிதான்.

மனிதச் சட்டம் எந்தக் கட்சி என்று சொல்வது கடினம். அயர்லாந்தில் பிறந்தாலே குடிமகன் என்றிருந்ததை 2004 பொதுவாக்கெடுப்பில் மாற்றினார்கள். வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 79 பேர் மாற்றத்துக்கு ஆதரவு. அப்பா, அம்மா இருவரும் வெளிநாட்டவர் என்றால், அவர்களில் ஒருவராவது குழந்தை பிறப்பதற்கு முந்தைய நான்கு வருடத்தில் மூன்று வருடம் முறையாக அங்கே குடியிருந்திருக்க வேண்டும். இன்னொரு பக்கம், பாஸ்டனில் பிறந்து அந்த மண்ணை மிதிக்காத ஒருவருக்கு, பாட்டி கார்க் நகரத்தில் பிறந்தவர் என்று காட்டினால் குடியுரிமை உண்டு. இதைக் குறை சொல்லிப் பயனில்லை. 1937 அரசியல் சட்டத்தை முன்னின்று கொண்டுவந்த டி வலேராவே நியூயார்க்கில் பிறந்தவர். பிரிட்டனுக்கு எதிரான 1916 எழுச்சிக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட ஜேம்ஸ் கானலி பிறந்தது எடின்பரோவில்.

நமக்குத் தெரிந்த ஒருவரும் இந்தப் பட்டியலில் உண்டு. மெரினாவில் சிலையாக நிற்கும் கால்டுவெல் 1814இல் ஆன்ட்ரிம் கவுன்ட்டியில் கிளாடி என்ற ஊரில் பிறந்தவர். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், சிறுவயதிலேயே கிளாஸ்கோவுக்குப் போய்விட்டார். நம் பாடநூல்கள் அவரை அயர்லாந்துக்காரர் என்கின்றன. சில இடங்களில் ஸ்காட்லாந்துக்காரர், பொத்தாம்பொதுவாக ஆங்கிலேயர் என்பதும் உண்டு. கோழிச் சட்டத்தை அவருக்குப் பொருத்திப் பார்த்தேன். 1841 முதல் ஐம்பது வருடம் இடையன்குடியைச் சுற்றியே வாழ்ந்திருக்கிறார். சந்தேகமே இல்லை, திருநெல்வேலிக்காரர்.

கோழியை ஆறவைத்த தட்டில் இந்நேரம் சாறு இறங்கியிருக்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள். ஃபார்ல் ஒன்றைக் குறுக்கே பிளந்து, அதே சட்டியில் வெட்டுப்பக்கம் படும்படி வாட்டி, சாற்றில் ஒற்றி எடுத்தால் கோழியைவிட அதுதான் ருசி. ஃபார்ல் வடக்கத்திப் பண்டம், பெல்ஃபாஸ்டின் காலை உணவுத் தட்டில் இது இல்லாமல் இருக்காது. மேலே தடவும் வெண்ணெய் எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். வடக்கே கறந்த பாலில் கணிசமான பங்கு தினமும் லாரியில் ஏறித் தெற்கே உள்ள ஆலைகளுக்குப் போய்க் கலந்துவிடுகிறது.