வளர்ப்பவரின் சளி வளர்ப்புப் பிராணிக்கும் தொற்றும்

ஃபெரெட் என்பது கீரியைப் போல நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட சிறு பிராணி. வளைக்குள் பதுங்கும் முயல்களை விரட்டிப் பிடிக்க ஐரோப்பிய விவசாயிகள் இதை நெடுங்காலமாக வளர்த்து வருகின்றனர். இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் வீட்டுச் செல்லப் பிராணியாகவும் உள்ளது. மனிதருக்கு வரும் ஃப்ளூ காய்ச்சல் இதற்கும் எளிதில் தொற்றும்.

கண்டறிந்த வரலாறு

1933-ல் லண்டன் விஞ்ஞானிகளான வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகியோர், ஃப்ளூ கண்டவர்கள் தொண்டை கொப்பளித்த நீரை ஃபெரெட்டின் மூக்கில் விட்டனர். இரண்டு நாட்களில் அதற்குக் காய்ச்சலும் தும்மலும் கண்டன. மனித ஃப்ளூவின் வைரஸ் இவ்வாறே பிடிபட்டது. பின்னர் நோயுற்ற ஃபெரெட் ஒன்று முகத்தில் தும்மியதால் ஸ்டூவர்ட்-ஹாரிஸ் என்ற மருத்துவரும் ஃப்ளூவில் படுத்தார். இது 1936-ல் வெளியிடப்பட்டது. ஆக, நோய் இரு திசையிலும் பரவும் என்பது உறுதியாயிற்று.

அறிகுறிகள்

தும்மல், மூக்கில் நீர் வடிதல், இருமல், காய்ச்சல், சோர்வு, தீனி எடுக்காமை ஆகியவை தோன்றும். நன்கு வளர்ந்தவை பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தேறிவிடும். குட்டிகளுக்கு நிமோனியா கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம்.

நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயும் தொடக்கத்தில் சளியைப் போலவே தோன்றும். ஆனால் தாடையில் சொறி படர்ந்து, பாதங்கள் தடித்துக் கெட்டியானால் அது டிஸ்டெம்பர் எனச் சந்தேகிக்க வேண்டும். இது கண்ட ஃபெரெட் பிழைப்பது மிக அரிது. ஆகவே சளிதானே என்று நாட்களைக் கடத்தக் கூடாது.

தடுப்பு முறைகள்

1. வீட்டில் ஃப்ளூ கண்டவர் பிராணியைத் தொடாமல், பராமரிப்பை வேறொருவரிடம் விடுவது நலம். இயலாவிடில் முகத்தை மூடி, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

2. நோயுற்றதைத் தனிக் கூண்டில் வைத்து, போதிய தண்ணீரும் மென்மையான உணவும் தர வேண்டும்.

3. பாரசிட்டமால் போன்ற மனித மருந்துகளைக் கொடுக்கவே கூடாது. அது ஃபெரெட்டுக்கு விஷமாகும்.

4. டிஸ்டெம்பர் தடுப்பூசியைக் கால்நடை மருத்துவரின் யோசனைப்படி போட வேண்டும். நாய்க்கான எல்லாத் தடுப்பூசிகளும் ஃபெரெட்டுக்கு ஏற்றவையல்ல.

பண்ணைகளுக்குப் பாடம்

ஃபெரெட்டின் இனத்தைச் சேர்ந்த மிங்க் என்னும் பிராணி ரோமத்துக்காக வளர்க்கப்படுகிறது. 2020-ல் நெதர்லாந்து, டென்மார்க் நாடுகளின் மிங்க் பண்ணைகளில் மனிதரிடமிருந்து கொரோனா புகுந்து, மீண்டும் மனிதருக்கும் பரவியது. டென்மார்க்கில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட மிங்க்குகள் அழிக்கப்பட்டன. பல குடும்பங்களின் தொழில் அத்துடன் முடங்கியது.

ஒரு பிராணியாயினும் ஒரு பண்ணையாயினும், சளியுடன் உள்ளே நுழைபவரைத் தடுப்பதே முதல் காவல்.