வழிகாட்டியுடன் கொல்லிமலையில் ஒரு நாள்

ஜப்பானின் கியோட்டோ போன்ற தொன்னகரங்களில் தனி வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு ஒரே நாளில் கோயில்களையும் பழந்தெருக்களையும் காண்பது நெடுநாளைய வழக்கமாகும். அத்தகைய பயணத்திற்கு நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையும் முற்றிலும் தகுதியுடையது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறும் பயணி, வாழவந்தி நாட்டுச் செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைக் காணலாம். ‘நாடு’ என்பது இங்கு மலையாளிப் பழங்குடியினரின் ஊர்த் தொகுதியைக் குறிக்கும். கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி, ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியதைப் புறநானூற்றின் 152ஆம் பாடல் பேசுகிறது. பின்னாளில் மலையமான் திருமுடிக்காரி அவனைப் போரில் கொன்று, கொல்லியைச் சேரனுக்கு அளித்தான். இவ்வரலாற்றைத் தகவல் பலகைகளில் படிப்பதைக் காட்டிலும் மலையிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் விளக்கக் கேட்பதே சிறந்தது. அறப்பளீசுவரர் கோயிலில் வழிபட்டபின், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கை அருவியை அடையலாம். திரும்ப ஏறுவது கடினமாதலால், முதியோர் உள்ள குழுவினர் அதனைத் தவிர்த்துச் சீக்குப்பாறைக் காட்சிமுனைக்குச் செல்வது நன்று. ஆடிப்பெருக்கையொட்டி அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவின்போது மலைப்பாதையில் நெரிசல் மிகும் என்பதால், அந்நாட்களில் செல்வோர் விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும்.