ரசீதுப் புத்தகமும் வாக்குப் பெட்டியும்

‘பணம் பத்தும் செய்யும்’ என்பது நம்மவர் பழமொழி. அந்தப் பத்தினுள் ஒருவரை ஒரு நாட்டின் தலைவராக்குவதும் அடங்குமா? அமெரிக்க நாட்டின் அண்மைத் தேர்தல்களைக் கொண்டு இக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

நமது சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு நன்கொடை திரட்டச் சென்ற அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ரசீதுப் புத்தகத்தை நீட்டியதும் வீட்டுக்காரர் பணப்பையை எடுப்பதில்லை. முதலில் அடிக்கட்டைகளைப் புரட்டுகிறார். “மற்றவர்கள் எவ்வளவு போட்டிருக்கிறார்கள்?” என்று கேட்கிறார். நூறு ரூபாய்களாக இருந்தால் தாமும் நூறு எழுதச் சொல்கிறார். ஏடு வெறுமையாக இருந்தால், “அடுத்த வாரம் வாருங்களேன்” என்கிறார். இதை அறிந்த செயலாளர், முதல் ரசீதைப் பெருந்தொகைக்கு எழுதிய பின்னரே தெருவில் இறங்குவார்.

இதே நாடகந்தான் அமெரிக்காவில் கோடிக் கணக்கான டாலர்களில் நடைபெறுகிறது.

அந்நாட்டில் ஒரு கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரை, அக்கட்சியைச் சார்ந்த வாக்காளர்களே மாநிலம் மாநிலமாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். இதனைப் ‘பிரைமரி’ என்பர். முதல்நிலைத் தேர்தல் என நாம் கூறலாம். பொதுத் தேர்தல் நடக்கும் ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து, ஜூன் மாதம் வரையில் இது நீளும். ஆனால் வேட்பாளர்களோ முந்திய ஆண்டே களத்தில் இறங்கிவிடுகின்றனர். அலுவலக வாடகை, ஊழியர் சம்பளம், பிரயாணச் செலவு, தொலைக்காட்சி விளம்பரம் ஆகிய அனைத்துக்கும் பணம் வேண்டும். ஒரே செல்வரிடம் முழுத் தொகையையும் வாங்கிவிடவும் இயலாது. ஒரு வேட்பாளரின் முதல்நிலைத் தேர்தலுக்குத் தனி மனிதர் ஒருவர் நேரே அளிக்கும் நன்கொடைக்குச் சட்டம் வரம்பு விதித்துள்ளது. 2020 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வரம்பு 2,800 டாலர்.

அத்தேர்தலுக்கென ஜனநாயகக் கட்சியில் இருபதுக்கும் மேற்பட்டோர் போட்டியிட முன்வந்தனர். 2019 ஜூன் மாதம் நடந்த முதல் விவாதத்தில் இடம் பெற, குறைந்தது 65,000 பேரிடம் நன்கொடை பெற்றிருக்க வேண்டும். அல்லது மூன்று கருத்துக் கணிப்புகளில் ஒரு சதவீத ஆதரவேனும் காட்ட வேண்டும் என்று கட்சி விதித்தது. செப்டம்பர் விவாதத்துக்கு 1,30,000 நன்கொடையாளர், கணிப்பில் இரண்டு சதவீதம் என இரண்டும் தேவையாயின. ஆக, நன்கொடை ரசீதே மேடையேறும் அனுமதிச் சீட்டாயிற்று.

ரயில் நிலையத்தில் பார்சல் கணக்கு எழுதும் எனக்கு இந்த ஆராய்ச்சி ஏன் என்று சிலர் நகைக்கலாம். அந்த மேடையில் நின்றவர்களில் ஒருவர் நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் சென்ற ஒரு தமிழ்க் குடும்பத்தின் வழித்தோன்றல் என்பதே காரணம். திருமதி கமலா ஹாரிஸ் அவர்களின் பாட்டனார் பி. வி. கோபாலன் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தை பூர்விகமாகக் கொண்டவர்; மத்திய அரசாங்க ஊழியர். தாயார் சியாமளா தில்லியில் லேடி இர்வின் கல்லூரியில் பயின்று, 1958 இல் மேற்படிப்புக்காகக் கலிபோர்னியா சென்றவர்.

2019 ஜனவரியில் ஓக்லண்டு நகரில் கமலா அவர்கள் நடத்திய முதற் கூட்டத்துக்கு ஏறத்தாழ 20,000 பேர் திரண்டனர். ஜூன் விவாதத்துக்கு மறுநாளே இருபது லட்சம் டாலர் குவிந்தது. பின்னர்க் கணிப்புகளில் அவர் சரிந்தார். சரியவே நன்கொடை வற்றியது. நன்கொடை வற்றவே விளம்பரமும் ஊழியரும் குறைந்தனர். அதனால் மேலும் சரிந்தார். டிசம்பர் விவாதத்துக்குத் தகுதி பெற்றிருந்தும், டிசம்பர் 3 ஆம் நாள், போதிய நிதி இல்லையென்று கூறி விலகினார். முதல் வாக்கு பதிவாக அப்போது இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன. ஒரு வாக்காளரும் வாக்களிக்கு முன்பே ஒருவர் தோற்றுவிட்டார் என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயின் பணமே எல்லாம் என்று முடிவு கட்டிவிடலாமா? அதே தேர்தல் நேர்மாறான பாடத்தையும் புகட்டியது. பெருஞ்செல்வரான மைக்கேல் புளூம்பெர்க் 2019 நவம்பரில் களம் புகுந்தார். யாரிடமும் நன்கொடை பெறாமல், தம் சொந்தப் பணத்தில் சுமார் 100 கோடி டாலர் செலவிட்டார். 2020 மார்ச் 3 ஆம் நாள் பல மாநிலங்கள் ஒருங்கே வாக்களித்தபோது அவர் முதலிடம் பெற்றது அமெரிக்கச் சமோவா என்ற சின்னஞ்சிறு தீவுப் பகுதியில் மட்டுமே! மறுநாளே விலகினார்.

வென்றவர் ஜோ பைடன். 2019 இன் கடைசி மூன்று மாதங்களில் பெர்னி சாண்டர்ஸ் 3.45 கோடி டாலர் திரட்ட, பைடன் திரட்டியதோ 2.27 கோடி. அயோவாவில் நான்காம் இடம். நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம். ‘இவர் தேறமாட்டார்’ என்று பலர் கைகழுவினர். பிப்ரவரி 26 ஆம் நாள் தென் கரோலினாவின் மூத்த கறுப்பினத் தலைவர் ஜேம்ஸ் கிளைபர்ன், ‘என் ஆதரவு இவருக்கே’ என அறிவித்தார். மூன்றாம் நாள் நடந்த தேர்தலில் பைடன் ஏறத்தாழப் பாதி வாக்குகளைப் பெற்றார். மார்ச் 3 இல் வாக்களித்த பதினான்கு மாநிலங்களில் பத்து அவர் வசமாயின. நெடுங்காலப் பழக்கத்தால் விளைந்த நம்பிக்கை, பணத்தால் ஆகாததைச் செய்தது.

இங்கே ‘தேறுவாரா’ என்ற சொல்லை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அவ்வாண்டு ஜனநாயகக் கட்சியினரில் பலர், தமக்குப் பிடித்தவர் யார் என்பதைக் காட்டிலும், டிரம்ப் அவர்களைத் தோற்கடிக்க வல்லவர் யார் என்றே வினவினர். வினா தவறன்று. ஆனால் அதற்கு விடை காண அவர்கள் தம் மனத்தை விட்டு அயலார் மனத்தை ஊகிக்கத் தொடங்கினர். ‘எனக்குச் சம்மதமே, ஊரார் ஒரு பெண்ணை ஏற்பார்களா? நிறத்தால் வேறுபட்டவரை ஏற்பார்களா?’ என்ற ஐயம் இப்படித்தான் பரவுகிறது.

இந்தப் பேச்சு நமக்குப் புதிதன்று. மாற்றலாகி இந்நகருக்கு வந்த புதிதில் நான் வாடகைக்கு வீடு தேடினேன். ஒரு வீட்டுச் சொந்தக்காரர் மிக மரியாதையாக, “எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை, மற்றக் குடித்தனக்காரர்கள் என்ன சொல்வார்களோ!” என்றார். மற்றவர்களை அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அவர்களும் அதையே சொல்லியிருப்பார்களோ என்னவோ. இவ்வாறு ஒருவரும் வெறுக்காமலே ஒருவர் வெளியே நிற்க நேர்கிறது.

கதை அதனோடு முடியவில்லை. பைடன் அவர்களால் துணை ஜனாதிபதி வேட்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கமலா அவர்கள், 2021 ஜனவரியில் அப்பதவி ஏற்றார். 2024 ஜூலை 21 ஆம் நாள் பைடன் போட்டியிலிருந்து விலகவே, வேட்பாளர் இடம் அவரை நாடி வந்தது. முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் குவிந்த நன்கொடை 8.1 கோடி டாலர்! சில மாதங்களில் அது 100 கோடியைத் தாண்டியது. எதிரியின் பிரசாரக் குழுவைவிட அதிகம் திரட்டியும், நவம்பர் தேர்தலில் அவர் தோற்றார். முன்பு பணமின்மையால் வீழ்ந்தவரைப் பின்பு பணவெள்ளத்தால் கரையேற்ற இயலவில்லை.

ஆகவே பணம் பயணச் சீட்டே. அஃதில்லாதவர் வண்டியேற முடியாது; அஃதிருப்பதால் மட்டும் ஊர் போய்ச் சேர்ந்துவிடவும் முடியாது. சீட்டின்மையால் நிலையத்திலேயே நின்றுவிட்டவர்களில் தகுதியுள்ளோர் எத்தனை பேர் என்பதை எந்தக் கணக்கும் காட்டாது. அதுவே இம்முறையின் பெருங்குறை.

துளசேந்திரபுரத்துக் கோயிலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்லொன்று உண்டு. அதில் பாட்டனார் பெயரோடு கமலா அவர்களின் பெயரும் காணப்படுகிறது. நன்கொடை நல்லதே, அதைக் கல்லில் எழுதி ஊருக்குக் காட்டுவதும் நல்லதே. பிறர் கொடுத்ததைக் கண்டு நாமும் கொடுப்பதில் தீங்கில்லை. ஆனால் வாக்குப் பெட்டியின் முன்னே, அடுத்தவர் செய்ததைப் புரட்டிப் பார்க்க அடிக்கட்டை வைக்கப்படவில்லை. அங்கு மறைப்பு இட்டிருப்பது நாம் நம் மனத்தை மட்டுமே கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். நாட்டுத் தேர்தலாயினும், நமது சங்கத்தின் செயற்குழுத் தேர்தலாயினும், ‘இவர் தேறுவாரா?’ என்று கேட்குமுன் ‘இவர் தக்கவரா?’ என்று ஒருமுறை கேட்டுக் கொள்வோமாக.