பவரை ஏத்தியாச்சு... கனெக்டிங் ராட் தாங்குமா? - ட்யூனிங் பிரியர்கள் கவனத்துக்கு!

பெரணமல்லூரிலிருந்து ஆரணிக்குக் காரில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முகூர்த்த சீஸன், டிக்கி நிறைய பட்டுச் சேலைப் பார்சல். முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ஆடி அசைந்து போகிறது. வேகம் குறைந்துவிட்டது, ஆனால், உங்கள் டர்போ கார் இன்னும் டாப் கியரில்தான் இருக்கிறது. எதிரே ரோடு காலி. 'கியரை எதுக்குக் குறைக்கணும்... அதான் போன மாசம் ரீமேப் பண்ணியாச்சே!' என்று ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்கிறீர்கள். கார் ஜிவ்வென்று பாய்கிறது. முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்கிறது. செம ஃபீல்!

அந்த ஒரு நொடியில் இன்ஜினுக்குள் ஒரு பாகம் லேசாக வளைந்திருந்தாலும் ஆச்சர்யமில்லை. அதன் பெயர், கனெக்டிங் ராட்.

அது என்ன ராட்?

வீட்டில் கால் மிதி தையல் மெஷின் இருந்தால் பாருங்கள். மேலும் கீழும் ஆடும் மிதியை, சுற்றும் சக்கரத்தோடு இணைப்பது ஒரு கம்பி. கார் இன்ஜினில் கனெக்டிங் ராடுக்கும் அதே வேலைதான். மேலும் கீழும் போகும் பிஸ்டனை, சுற்றும் கிராங்க் ஷாஃப்ட்டோடு அதுதான் இணைக்கிறது.

சுமைதான் வேற லெவல். ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ், டைகுன் கார்களில் வரும் 1.0 லிட்டர் டி.எஸ்.ஐ இன்ஜினை எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் விட்டம் 74.5 மி.மீ. பெட்ரோல் எரியும்போது உள்ளே 100 பார் அழுத்தம் என்று கணக்கு வைத்தால், பிஸ்டன் தலையில் இறங்கும் சுமை சுமார் 4.4 டன். அதாவது, மூன்று விர்ட்டஸ் கார்களின் எடைக்கும் மேல்! 2,000 ஆர்.பி.எம்-மில் ஒவ்வொரு ராடும் நொடிக்கு 16 தடவைக்கு மேல் இந்த அடியை வாங்குகிறது.

இழுத்தால் ஒரு சாவு, அமுக்கினால் ஒரு சாவு

ராடுக்கு ஆபத்து இரண்டு பக்கமிருந்து வருகிறது. ஒன்று, இழுவிசை. மேலே பாயும் பிஸ்டனை நிறுத்திக் கீழே இழுக்க வேண்டும். ஆர்.பி.எம் இரண்டு மடங்கானால், இந்த இழுவிசை நான்கு மடங்காகும். இன்ஜினை ஓவராக அலறவிட்டால் ராடும் அதன் போல்ட்டும் அறுவது இதனால்தான்.

இன்னொன்று, அமுக்கும் விசை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் நினைவிருக்கிறதா? தண்ணீரில் நின்ற கார்களை 'ஒருதடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமே' என்று சாவியைத் திருப்பி, இன்ஜினையே காவு கொடுத்தவர்கள் உண்டு. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் அதில் போய் முட்ட, நடுவில் மாட்டிய ராட் வளைந்துவிடும்.

ட்யூன் செய்த டர்போ இன்ஜினில் ராட் வளைவதும் இந்த இரண்டாவது வகைதான். தண்ணீருக்குப் பதில், அளவு மீறிய அழுத்தம்.

அஜித் காரை விடவா?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித் குமாரின் அணி 992 பிரிவில் மூன்றாமிடம் பிடித்தது ஞாபகமிருக்கும். அந்தப் பிரிவில் ஓடும் போர்ஷே 911 ஜி.டி.3 கப் காரில் டர்போவே கிடையாது! 4.0 லிட்டர் இன்ஜின், 510 குதிரைத்திறன். டார்க் 470 நியூட்டன் மீட்டர். அதுவும் 6,150 ஆர்.பி.எம்-மில்தான் வரும். லிட்டருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 118.

விர்ட்டஸ் 1.0 கம்பெனியிலிருந்து வரும்போதே லிட்டருக்கு 178 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,750 ஆர்.பி.எம்-மிலேயே. ட்யூன் செய்து அதை 240 ஆக்கினால், ரேஸ் காரைப்போல இரண்டு மடங்கு! சிலிண்டருக்குள் இருக்கும் சராசரி அழுத்தத்தைச் சொல்லும் கணக்கு இது. போர்ஷே தன் பவரை வேகமாகச் சுற்றிச் சம்பாதிக்கிறது. உங்கள் டர்போ, ராடின் தலையில் ஓங்கி அடித்துச் சம்பாதிக்கிறது.

'எத்தனை எச்.பி ஏறும் ப்ரோ?' என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கேட்க வேண்டியது, 'டார்க் எவ்வளவு, எந்த ஆர்.பி.எம்-மில்?' என்பதை. அதே கூடுதல் பவரை 5,000-த்தில் கொடுத்தால் ராட் தாங்கிக்கொள்ளலாம். 1,800-லேயே டார்க்கைக் கொட்டினால் தாங்காமல் போகலாம்.

நாக்கிங் எனும் சுத்தியல்

குறைந்த ஆர்.பி.எம், அதிக டர்போ அழுத்தம். இந்தச் சூழலில் ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே, எரியும் வாயு அதைக் கீழே தள்ளும். இரண்டுக்கும் நடுவில் ராட். சில நேரம் ஒரே அடி போதும், கதை முடிந்துவிடும். 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய ட்யூனை வைத்துக்கொண்டு, சின்ன ஊர் பங்க்கில் கிடைப்பதை நிரப்பினால் நாக்கிங் ஆபத்து இன்னும் கூடும்.

வளைந்த ராட் உடனே உடைய வேண்டும் என்பதில்லை. நீளம் துளி குறைவதால், பிஸ்டன் முழு உயரத்துக்கு வராது. அந்த சிலிண்டரில் கம்ப்ரஷன் குறையும். ஐடிலிங்கில் நடுக்கம், ஆர்.பி.எம்-மோடு சேர்ந்து ஏறும் 'டக் டக்', ஆயிலில் மினுமினுக்கும் உலோகத்தூள்... இவற்றில் எது தெரிந்தாலும் இன்ஜினை அணைத்துவிட்டு, டோ செய்து எடுத்துப் போங்கள். 'ஒர்க்‌ஷாப் வரைக்கும் ஓட்டிடலாம்' என்று நினைத்தால், உடைந்த ராட் இன்ஜின் பிளாக்கையே பொத்துக்கொண்டு வெளியே வரலாம். அப்புறம் ராட் விலை பேச வேண்டியதில்லை, இன்ஜின் விலைதான்.

ஆசை விடலையா? அப்போ இதைக் கவனிங்க!

* ட்யூன் செய்வதற்கு முன் எல்லா சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள்.

* குறைந்த ஆர்.பி.எம்-மில் டார்க்கைக் கட்டுப்படுத்தி, படிப்படியாக ஏற்றச் சொல்லுங்கள். பிக்கப் கொஞ்சம் சாதுவாகத் தெரியும். பரவாயில்லை.

* கம்பெனி சொன்ன தரத்தில், ஏ.பி.ஐ எஸ்.பி குறியீடுள்ள ஆயிலையே ஊற்றுங்கள். ஸ்பார்க்குக்கு முன்பே பற்றும் பிரச்னையைக் குறைக்கும் சோதனை இந்தத் தரத்தில் உண்டு.

* பெரிய டார்க் வேண்டுமென்றால், ஃபோர்ஜ்டு ராடு போடாமல் சாஃப்ட்வேரை மட்டும் மாற்றாதீர்கள்.

* ட்யூன் செய்த இன்ஜினுக்கு வாரன்டி கிடைக்காமல் போகலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. வேகம் பார்க்க இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி ஸ்பீட்வே என ரேஸ் டிராக்குகள் இருக்கின்றன.

காசே செலவில்லாத வைத்தியம் ஒன்றும் உண்டு. அடுத்த முறை ஆரணி ரோட்டில் வைக்கோல் டிராக்டர் வழிமறித்தால், முதலில் கியரை மூன்றுக்கு இறக்குங்கள். ஆர்.பி.எம் ஏறட்டும். அப்புறம் மிதியுங்கள். டிராக்டரையும் தாண்டலாம், ராடும் பிழைக்கும்!