சன்னல் கம்பிகளுக்கு அப்பால்

கொல்கத்தா சால்ட் லேக்கில் நம் மூன்றாம் மாடிச் சன்னலைத் திறந்தால் முதலில் தெரிவது பக்கத்து மொட்டைமாடியின் துணிக்கொடி. அதற்கப்பால் தண்ணீர்த் தொட்டிகள், மரத்தலைகள், கடைசியில் மெல்லிய கோடாகக் கெஷ்டோபூர் கால்வாய். இந்நிலம் முன்பு உப்புச் சதுப்பு. 1960களில் ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாய்வழிக் கொணர்ந்து நிரப்பி நகரமாக்கினார்கள். எங்கு நோக்கினும் ஒரே மட்டம். இதில் வரைவதற்கு என்ன இருக்கிறது என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம்.

அவ்வெண்ணத்தை மாற்றியது ஓர் அச்சுப் பிரதி. வின்சென்ட் வான்கா 1882 மே மாதம் ஹேக் நகரில், தம் இருப்பிடத்தின் பின்புறச் சன்னலிலிருந்து கண்ட தச்சுக்கூடத்தையும் சலவைக்கூடத்தையும் வரைந்த சித்திரம் அது. பென்சிலால் தொடங்கிப் பேனாவாலும் தூரிகையாலும் அழுத்தம் கொடுத்திருக்கிறார். மூலப்படம் ஓட்டர்லோவின் க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

நெதர்லாந்தும் மட்டமான நாடுதான். குன்றும் மலையும் இல்லாத இடத்தில் தூரத்தைக் காட்டக் கோடுகளையே நம்பியாக வேண்டும். உயரத்திலிருந்து பார்ப்பதால் அடிவானம் தாளின் மேற்பகுதிக்கு ஏறிவிடுகிறது. நிலம் விரிந்து கிடக்கிறது. அருகிலுள்ள துணிகளையும் வேலிகளையும் உள்ளங்கையால் மறைத்துப் பாருங்கள்; தொலைவிலுள்ள வெளி சட்டெனச் சுருங்கிவிடும். கையை எடுத்தால் மீண்டும் விரியும். அருகில் கோடுகள் தடித்தும் இடைவெளி விட்டும் நிற்க, தொலைவில் அவையே நலிந்து நெருங்குகின்றன.

கட்டமைப்புக்குத் துணையாக வான்கா ஒரு மரச்சட்டம் வைத்திருந்தார். நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைவாட்டிலும் நூல்கள் கட்டிய அச்சட்டத்தினூடே பார்த்து எப்பொருள் எக்கட்டத்தில் விழுகிறதென அளந்துகொள்வார். தச்சர் பயன்படுத்தும் முரட்டுப் பென்சிலே அவருக்கு உகந்தது. அவ்வாண்டுதான் ஓவிய வணிகரான சிற்றப்பா, நகரக் காட்சிகள் பன்னிரண்டுக்குத் தலா இரண்டரை கில்டர் தருவதாகச் சொன்னார். இருபத்தெட்டு வயதில் வான்கா பெற்ற முதல் கேட்புப்பணி அது. தொகை சிறிதுதான், ஆயினும், முதல் கேட்புப்பணி தந்தவர் உறவினரேயென்பது நம்மூர் வழக்கத்துக்கும் அயலன்று.

மரச்சட்டத்துக்கு நாம் எங்கும் போகவில்லை. சன்னல் கம்பிகளே கட்டங்களாயின. முதல் முயற்சியில் கால்வாயையும் துணிக்கொடியையும் ஒரே அழுத்தத்தில் இழுத்தோம். கால்வாய் மொட்டைமாடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது! இரண்டாம் முறை பென்சிலை நுனியில் பிடிக்காமல் சாய்த்து, கை தளர்த்தி, தொலைவை முதலில் வரைந்தோம். கால்வாய் ஓரளவு பின்வாங்கியது. மரங்கள் இன்னும் காலிஃப்ளவர்களாகவே நிற்கின்றன.

எதிர்த் தெருவில் புதிய கட்டடமொன்று இரண்டாம் தளத்தைத் தாண்டிவிட்டது. மூங்கில் சாரத்தின் விளிம்பு நம் சன்னலின் மூன்றாம் கம்பியை எட்டியிருக்கிறது. கால்வாய்க்கோடு நான்காம் கம்பியின் உயரத்தில். ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுமுன் மீண்டும் உட்கார்வதாக இருக்கிறோம்.