காசு கொடுத்து வாங்கிய பாட்டு ஏன் பாடாது?

போன மாதம் அப்பா ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "தம்பி, இதுக்குள்ள கிடக்கிற ஜிம் ரீவ்ஸை என்ர காருக்குள்ள ஒருக்காப் பாட வச்சுத் தா" என்றார். ஐந்து நிமிட வேலை என்று நினைத்துக் கையில் எடுத்தேன். இரண்டு இரவுகள் போய்விட்டன. ஒரு பாட்டுக்கூடப் பாடவில்லை.

அந்தப் பாட்டுகள் நான் வாங்கியவை. 2006 கோடையில், ஒஸ்லோவில் ஒரு கடையில் சாமான் அடுக்கிச் சம்பாதித்த முதல் காசில், அப்பாவுக்கு ஒரு சின்னப் பிளேயரும் ஒரு இணையக் கடையிலிருந்து 20 பாட்டுகளும் வாங்கிக் கொடுத்தேன். ஏன் ஜிம் ரீவ்ஸ் என்று இங்கே பிறந்த தம்பி தங்கைகள் கேட்கக்கூடும். இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி. நோர்வேஜியருக்கும் அப்படித்தான், 1964இல் இங்கே வந்து பாடிவிட்டுப் போனவர். அப்பா இங்கே வேலைக்குப் போன புதிதில், கூட வேலை செய்த ஒரு நோர்வேஜியக் கிழவரோடு முதன்முதலில் கதைத்த விஷயமே ஜிம் ரீவ்ஸ்தானாம்.

சரி, ஏன் பாடவில்லை? ஒரு பாட்டுக் கோப்பில் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, அது எழுதப்பட்ட முறை: எம்பி3, ஏஏசி, டபிள்யூஎம்ஏ என்று. இதைப் பெரிய சிக்கல் என்று சொல்ல மாட்டேன், ஒன்றை இன்னொன்றாக மாற்ற இலவச மென்பொருள் நிறைய உண்டு. மற்றது அதன் மேலே போட்ட பூட்டு. பாட்டை மறைகுறியாக்கி வைத்துவிட்டு, திறப்பை உங்கள் கணினிக்கு மட்டும் தனியாக அனுப்புவார்கள். கணினியை மாற்றினால் கடையின் சேர்வரிடம் போய்த் திரும்பவும் திறப்புக் கேட்க வேண்டும். நான் வாங்கிய கடை மூடி வருஷக்கணக்காகிறது. திறப்புக் கேட்க ஆளே இல்லை. கோப்புகள் முழுசாகத்தான் இருக்கின்றன, ஒரு பைட்கூடக் குறையவில்லை. ஆனால் அவற்றால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு பூட்டு. 2003இல் ஐடியூன்ஸ் கடை திறந்தபோது, அங்கே வாங்கிய பாட்டு கையடக்கப் பிளேயர்களில் ஐபொட்டில் மட்டும்தான் பாடியது. பலர் ஏஏசி என்பதே அப்பிளின் சொந்தச் சரக்கு என்று நினைத்தார்கள். அது பொதுத் தரம். அப்பிளுடையது அதன் மேலிருந்த ஃபேர்பிளே என்ற பூட்டு. மைக்ரோசொப்ட், 'நிச்சயமாகப் பாடும்' என்று பொருள்படும் பிளேஸ்-ஃபோர்-ஷுவர் என்ற முத்திரையைப் பல கம்பனிகளின் பிளேயர்களில் ஒட்ட வைத்தது. பிறகு 2006இல் தானே சூன் என்ற பிளேயரை வெளியிட்டது. தன் முத்திரை போட்ட கடைகளில் வாங்கிய பாட்டு, தன் சொந்தப் பிளேயரிலேயே பாடவில்லை! 2008இல், எம்எஸ்என் மியூசிக் கடையில் வாங்கியவர்களுக்கு இனிப் புதுக் கணினிக்குத் திறப்புத் தர மாட்டோம் என்று அறிவித்தார்கள். சனம் கொதித்த பிறகு 2011 இறுதி வரை தவணை கொடுத்தார்கள்.

நாங்கள் இருக்கிற இந்த நாட்டுக்கும் இந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு. 15 வயதில் டிவிடிப் பூட்டை உடைக்கும் நிரலில் பங்கெடுத்த 'டிவிடி யோன்' என்கிற யோன் லெக் யோஹான்சனை ஒஸ்லோ நீதிமன்றம் 2003இல் விடுவித்தது. மேல்முறையீட்டிலும் அவர்தான் வென்றார். பிறகு ஐடியூன்ஸ் பூட்டிலும் கைவைத்தார். 2006 ஜனவரியில் நோர்வே நுகர்வோர் சபை ஐடியூன்ஸ் நிபந்தனைகளுக்கு எதிராக முறைப்பாடு கொடுத்தது. வாங்கிய பாட்டை வேறு பிளேயரில் கேட்க விடாதது நியாயமில்லை என்று நுகர்வோர் குறைகேள் அதிகாரியும் நின்றார். ஒரு சின்ன நாட்டின் அரசு அலுவலகம் அப்பிளோடு மல்லுக்கட்டிய காலம் அது. 2007 பெப்ரவரியில் ஸ்டீவ் ஜொப்ஸ், பூட்டைக் கேட்பது பெரிய இசைக் கம்பனிகள்தான், அவர்கள் விட்டால் நாங்கள் சந்தோஷமாக எடுத்துவிடுவோம் என்று பகிரங்கமாக எழுதினார். அதே வருஷம் ஈஎம்ஐ இறங்கிவந்தது. 2009இல் ஐடியூன்ஸ் பாட்டுகளில் பூட்டு ஒழிந்தது. ஆனால் முன்னர் வாங்கியதைத் திறந்த கோப்பாக மாற்ற, பாட்டுக்கு 30 சதம் மேலதிகமாகக் கேட்டார்கள். எங்கட காசிலேயே பூட்டு, எங்கட காசிலேயே திறப்பு.

உங்கள் வீட்டிலும் பழைய கணினி கிடந்தால் ஒருக்காத் திறந்து பாருங்கள். கோப்பின் பெயர் .எம்4பி என்று முடிந்தால் பூட்டியது, .எம்4ஏ என்றால் பெரும்பாலும் திறந்தது. பூட்டிய ஐடியூன்ஸ் பாட்டு என்றால், பழைய கணக்கும் கடவுச்சொல்லும் ஞாபகமிருந்தால் இன்னும் வழியுண்டு: அதை ஓடியோ சீடியாக எழுதி, அந்தச் சீடியிலிருந்து திரும்ப எம்பி3 ஆக எடுக்கலாம். தரம் கொஞ்சம் குறையும், கார் ஸ்பீக்கரில் தெரியாது. இப்போது வாங்குகிறவர்களுக்கு ஐடியூன்ஸ் கடையிலும் பாண்ட்கேம்பிலும் பூட்டில்லாமல் கிடைக்கிறது. மாதச் சந்தா கட்டிக் கேட்கிற செயலிகள் வேறு கதை. அங்கே 'டவுன்லோட்' செய்து வைத்தாலும் அது பூட்டிய சாமான்தான், சந்தாவை நிறுத்தினால் பாட்டும் போய்விடும்.

இதையெல்லாம் அப்பாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு நிலவறைக்குப் போய் ஒரு பெட்டியோடு வந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு றெக்கோடிங் பாரில், துண்டில் பாட்டுகளை எழுதிக் கொடுத்துப் பதிந்த கசற்றுகள். 1983 என்று பேனையால் எழுதியிருந்தது. ஒன்றைப் பழைய ரேப் றெக்கோடரில் போட்டார். கொஞ்சம் இழுத்தாலும் பாடியது.

நான் கடைசியில் செய்தது இதுதான்: பழைய சாமான் விற்கிற கடையில் 20 குரோனருக்கு ஒரு ஜிம் ரீவ்ஸ் சீடி வாங்கி, எம்பி3 ஆக்கி, யுஎஸ்பியில் போட்டேன். முதல் தடவை கார் அதை வாசிக்கவில்லை. அப்பாவின் கார் ஃபாட்32 முறையில் ஃபோர்மட் பண்ணிய யுஎஸ்பியைத்தான் எடுக்கும். திரும்ப ஃபோர்மட் பண்ணிப் போட்டதும் பாடியது.

அப்பா சத்தத்தைக் கூட்டினார். "உதை முதலே செய்திருக்கலாமே, இஞ்சினியர்?" என்றார்.